‘தள்ளிப் போச்சு’: நேர்காணலில் எடுபடாத ஒரு பதிலின் ஆய்வு

அவருக்கு 9 வருட அனுபவம். கோவையில் ஒரு பில்லிங் மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராகச் சேர்ந்து புராஜெக்ட் லீடாக உயர்ந்தவர். சென்னையில் புராடக்ட் மேனேஜர் வேலைக்கு, அதாவது மென்பொருளில் எதைச் செய்வது, எதை விடுவது என்று முடிவெடுக்கும் வேலைக்கு முயன்று, இரண்டு இடங்களில் கடைசிச் சுற்று வரை போய்த் திரும்பியிருந்தார். இரண்டாவது இடத்தில் ஹெச்.ஆர். மனமிரங்கிச் சொன்ன காரணம் ஒரே வரி: ‘ஓனர்ஷிப் தெரியவில்லை.’ வேலையைத் தன் பொறுப்பாக எடுத்துச் செய்தவராகத் தெரியவில்லை என்று பொருள். அதை என்னிடம் சொல்லும்போது அவருக்குக் குரல் கம்மியது.

“அந்த வேலைய ராத்திரி பகலா செஞ்சது நானுங்க அக்கா. என்னைப் போயி ஓனர்ஷிப் இல்லைன்னு எப்படிச் சொல்லுவாங்க?”

நான் 16 வருடங்களாகப் புராஜெக்ட் மேலாண்மையில் இருக்கிறேன். அதில் பாதிக் காலம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறேன். அவர் கோபம் நியாயமானது. அந்த ஹெச்.ஆர். சொன்னதும் பொய்யில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று பார்ப்பதற்காக மூன்று சனிக்கிழமைகள் வீடியோ காலில் உட்கார்ந்தோம். அவர் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டாத அளவுக்குச் சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

முதல் சனிக்கிழமை, அவர் தோற்ற அதே கேள்வியைக் கேட்டேன்: “நெருக்கடியில் நீங்கள் எடுத்த கடினமான முடிவு ஒன்றைச் சொல்லுங்கள்.” அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். 4 நிமிடம் 40 விநாடி. அதில் மூன்று நிமிடம் ஜி.எஸ்.டி. பாடம். மீதியின் சாரம் தமிழில் இது (இ-இன்வாய்ஸ் என்பது அரசுத் தளத்தில் பதிந்து எண் வாங்கிய பில், இ-வே பில் என்பது சரக்கை வண்டியில் அனுப்பும்போது கூடப் போக வேண்டிய சீட்டு):

“2022 அக்டோபர் 1 முதல் 10 கோடிக்கு மேல் டர்னோவர் உள்ள நிறுவனங்களுக்கு இ-இன்வாய்ஸ் கட்டாயம் என்று வந்தது. எங்கள் கஸ்டமர்களில் நிறையப் பேர் அந்த வரம்புக்குள் வந்தார்கள். வேலை அதிகமாக இருந்தது. நடுவில் ஒரு டெவலப்பர் விட்டுப் போய்விட்டார். அதனால் இ-வே பில் பகுதி தள்ளிப் போனது. எல்லோரும் சேர்ந்து கடுமையாக உழைத்தோம். சொன்ன தேதியில் கோ-லைவ் ஆனது. எஃபிஷியன்சி 40 சதவீதம் கூடியது.”

வினைச்சொற்களை மட்டும் ஒரு தாளில் எழுதி கேமராவுக்கு முன்னால் காட்டினேன். வந்தது, வந்தார்கள், இருந்தது, போய்விட்டார், தள்ளிப் போனது, உழைத்தோம், ஆனது, கூடியது. எட்டு வினை. அதில் அவர் இருப்பது ஒன்றே ஒன்றில், அதுவும் கூட்டத்தோடு கூட்டமாக. கேட்டது ‘நீங்கள் எடுத்த முடிவு’. பதிலில் முடிவு எடுத்தவரே இல்லை. மழை பெய்தது, வெயில் அடித்தது என்பது போல இ-வே பில் தானாகத் தள்ளிப் போயிருக்கிறது.

நம் மொழியில் இதற்கு வசதி நிறைய உண்டு. உடைந்தது, உடைத்தேன். நின்றது, நிறுத்தினேன். மாறியது, மாற்றினேன். முடிந்தது, முடித்தேன். பல செயல்களுக்கு ஆள் உள்ள வினை ஒன்று, ஆள் இல்லாத வினை ஒன்று என்று ஜோடி ஜோடியாக வைத்திருக்கிறோம். அடக்கமாகப் பேச நினைப்பவர் ஆள் இல்லாததைத்தான் எடுப்பார். அலுவலகத்திலும் அப்படித்தான்: ‘பில்ட் உடைஞ்சிருச்சு’, ‘ரிலீஸ் தள்ளிப் போச்சு’, ‘அந்த ஃபீச்சர் வேண்டாம்னு ஆயிருச்சு’. இந்தப் பழக்கம் ஆங்கிலத்தில் பேசும்போதும் கூடவே போகிறது. ‘காட் டிலேய்ட்’, ‘வாஸ் டிசைடட்’ என்று வந்து விழுகிறது. இலக்கணம் சரியாகத்தான் இருக்கும், ஆளைத்தான் காணோம்.

“யார் தள்ளினாங்க?” என்று கேட்டேன்.

“அது தள்ளிப் போயிருச்சுங்க அக்கா.”

“தானா போச்சா?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “நான்தான் வெச்சேன். ஆனா மேனேஜர் சரின்னு சொன்ன பெறகுதான்.”

அந்தச் செப்டம்பரில் நடந்தது

இனிமேல் தமிழிலேயே சொல்லச் சொன்னேன். நான் ‘யார்?’ என்று மட்டும் இடையிடையே கேட்டேன். ஒன்றரை மணி நேரத்தில் வெளிவந்தது இது.

இ-இன்வாய்ஸ் படிப்படியாக இறங்கி வந்த சட்டம். 2020 அக்டோபரில் 500 கோடிக்கு மேல் டர்னோவர் உள்ளவர்களுக்கு, 2021 ஜனவரியில் 100 கோடி, ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி. விற்பவர் பில் விவரத்தை அரசின் பதிவுத் தளத்துக்கு அனுப்பி, ஐ.ஆர்.என். என்ற பதிவு எண்ணையும் க்யூ.ஆர். கோடையும் வாங்க வேண்டும். 10 கோடி வரம்பு வந்ததும் திருப்பூரில் இவர்கள் மென்பொருளை வைத்திருந்த 60-க்கும் மேற்பட்ட பனியன் கம்பெனிகளும் நூல் வியாபாரிகளும் ஒரே நாளில் உள்ளே வந்தார்கள்.

செப்டம்பர் 12, திங்கட்கிழமை. ஒரு டெவலப்பர் போன வாரம் விலகியிருந்தார். மீதி இரண்டு பேர். திட்டத்தில் இரண்டு பகுதிகள்: ஐ.ஆர்.என். வாங்குவது, அதோடு சேர்த்து இ-வே பில்லையும் தானாகப் போடுவது. இவர் எக்ஸெல் ஷீட்டைத் திறந்து நாள் கணக்குப் போட்டார். இரண்டையும் செய்தால் டெஸ்டிங்குக்கு மிஞ்சுவது இரண்டு நாள். எதை விடலாம்?

இவர் யோசித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஐ.ஆர்.என். இல்லாத பில், சட்டப்படி பில்லே இல்லை. வாங்குபவர் அதில் கட்டிய வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது. சரக்கையே வேண்டாம் என்பார். இ-வே பில்லோ, நம் மென்பொருளில் இல்லாவிட்டாலும் அரசுத் தளத்தில் கையால் தட்டி எடுக்கலாம். கஷ்டம்தான், ஆனால் முடியும். ‘கஷ்டத்தையும் முடியாததையும் பிரிச்சேங்க அக்கா’ என்றார். இந்த ஒரு வரிக்காக நான் அவரை வேலைக்கு எடுத்திருப்பேன். இரண்டு நேர்காணல்களிலும் இந்த வரி அவர் வாயிலிருந்து வரவே இல்லை.

சேல்ஸ் ஹெட் கொதித்தார். அவர் டெமோவில் இரண்டையும் காட்டி வாக்குக் கொடுத்திருந்தார். அந்த வருடம் தீபாவளி அக்டோபர் 24. திருப்பூரிலிருந்து லாரி லாரியாகச் சரக்கு கிளம்பும் நேரம். ஒவ்வொரு லோடுக்கும் இ-வே பில். இவர் விடவில்லை. நாள் கணக்கைக் காட்டி மேனேஜரிடம் சம்மதம் வாங்கினார்.

அக்டோபர் 1 சனிக்கிழமை. காலை பத்து மணிக்குள் முதல் ஐ.ஆர்.என். வந்தது. மதியத்துக்குள் இ-வே பில் புகார்கள் வரத் தொடங்கின. 3-ஆம் தேதி திங்கட்கிழமை இவரே பஸ் ஏறித் திருப்பூர் போய், ஒரு கம்பெனியின் கணக்காளர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அந்தப் பெரியவர் அச்சடித்த பில்லின் மேல் மர ஸ்கேலை வைத்து, ஒரு வரி முடிந்ததும் ஸ்கேலை ஒரு வரி கீழே இறக்கி, அதைப் பார்த்து அரசுத் தளத்தில் தட்டிக்கொண்டிருந்தார். “ஏனுங்க அம்மணி, இதே நம்பரத்தான் உங்க சாப்ட்வேர்லயும் அடிச்சேன். திரும்ப இங்கயும் அடிக்கோணுமா?” என்று கேட்டாராம்.

இ-வே பில் தளத்தில் பல பில்களை ஒரே ஜேசன் ஃபைலாக (கணினி நேரடியாகப் படிக்கும் தரவுக் கோப்பாக) மொத்தமாக ஏற்றும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஃபைலை மட்டும் நம் மென்பொருள் உருவாக்கிக் கொடுத்தால் போதும், தட்டுகிற வேலை போய்விடும் என்று அந்த ஸ்டூலில் இருக்கும்போதே இவருக்குத் தோன்றியது. ஆயுத பூஜை, விஜயதசமி விடுமுறையில் ஒரு டெவலப்பரைக் கேட்டுக்கொண்டு அந்தப் பட்டனைப் போட வைத்தார். 6-ஆம் தேதி வியாழக்கிழமை காலை அது எல்லோருக்கும் போனது. முழு இணைப்பு தீபாவளி கழிந்துதான் வந்தது.

“இதை ஏம்மா இன்டர்வியூல சொல்லல?”

“அது சின்ன வேலைங்களே அக்கா. ஒரு பட்டன்தானே.”

புராடக்ட் மேனேஜர் வேலையில் நான் தேடுவது முழுக்க அந்த ஒரு பட்டனில் இருக்கிறது. பயனர் பக்கத்தில் போய் உட்கார்ந்தது, அவர் கை செய்வதைப் பார்த்தது, பெரிய தீர்வுக்குக் காத்திருக்காமல் இருக்கிற வசதியை வைத்து வலியைக் குறைத்தது. அதை விட்டுவிட்டு அவர் ஜி.எஸ்.டி. பாடம் நடத்தியிருக்கிறார்.

கேட்பவர் தாளில் என்ன எழுதுகிறார்

அவருக்கு ஸ்டார் முறை தெரியும். சூழல், பணி, செயல், விளைவு என்று மனப்பாடமாகச் சொல்வார். 1974-இல் டி.டி.ஐ. என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனம் பரப்பிய சட்டகம் அது. ஆனால் அந்த நான்கு பெட்டிகளும் ஒரே அளவு இல்லை என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சூழலுக்கு மூன்று நிமிடம் கொடுத்தவருக்குச் செயலுக்கு மிஞ்சியது ஒரு வாக்கியம்.

இந்தக் கேள்விகளின் வேர் இன்னும் பழையது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படைக்காக வேலை செய்த உளவியலாளர் ஜான் ஃப்ளானகன், ‘நல்ல விமானி யார்?’ என்று பொதுவாகக் கேட்பதை விட்டு, ‘ஒரு குறிப்பிட்ட சம்பவத்தில் அவர் என்ன செய்தார்?’ என்று கேட்கும் முறையை வளர்த்து, 1954-இல் விரிவாக எழுதினார். 1982-இல் டாம் ஜான்ஸ் அதை வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணலுக்குக் கொண்டுவந்து, பொதுவாகப் பேசிக் கணிப்பதைவிடக் கடந்த காலச் செயலைக் கேட்பது நன்றாகக் கணிக்கிறது என்று காட்டினார். ஷ்மிட், ஹண்டர் இருவரும் 1998-இல் தொகுத்த ஆய்வில், வேலைத் திறனோடு உள்ள தொடர்பு (முழுப் பொருத்தம் என்றால் 1) எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடும் ஒழுங்குபடுத்திய நேர்காணலுக்கு 0.51, சும்மா பேசும் நேர்காணலுக்கு 0.38. 2022-இல் பால் சாக்கெட்டின் குழு அந்தக் கணக்குகளைத் திருத்தியபோது முதல் எண் 0.42 ஆக இறங்கியது. ஆனாலும் ஆள் தேர்வு முறைகளிலேயே முதலிடம் அதற்குத்தான் வந்தது.

இதை அவருக்கு விளக்கியதற்குக் காரணம் உண்டு. ஒழுங்குபடுத்திய நேர்காணலில் என் முன்னால் ஒரு தாள் இருக்கும். ஒவ்வொரு குணத்துக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண், பக்கத்தில் ஆதாரம் எழுத ஒரு கட்டம். அமேசான் போன்ற இடத்தில் அந்தக் குணங்கள் வெளிப்படையாகவே அறிவிக்கப்பட்டவை. 2021 முதல் 16 கோட்பாடுகள், அதில் ஓனர்ஷிப்பும் ஒன்று. ஆதாரக் கட்டத்தில் ‘இவர் இன்னது செய்தார்’ என்றுதான் எழுத முடியும். ‘தள்ளிப் போனது’ என்று கேட்டால் என் பேனா நின்றுவிடும். ‘கடினமாக உழைப்பவர் போலத் தெரிகிறார்’ என்று எழுதினால் பிறகு நடக்கும் கூட்டத்தில் என்னையே கேட்பார்கள், ‘எதை வைத்துச் சொல்கிறாய்?’ என்று. அந்த ஹெச்.ஆர். சொன்ன ஒற்றை வரி இப்படித்தான் பிறந்திருக்கும்.

‘நான், நான் என்று சொன்னால் தம்பட்டம் மாதிரி இருக்காதா?’ என்று இரண்டாவது வாரம் கேட்டார். அவர் வளர்ந்த வீட்டில் தன்னைத் தானே மெச்சிக்கொண்டால் அம்மா முறைப்பாராம். எங்கள் வீட்டிலும்தான். ஆனால் நம் மரபு இதைப் பற்றி யோசித்தே வைத்திருக்கிறது. தற்புகழ்ச்சி தகாது என்று சொல்லும் நன்னூல், அடுத்த சூத்திரத்திலேயே விலக்குகளையும் சொல்கிறது: தன் ஆற்றலை அறியாதவர் முன்னிலையில், ஓர் அவையில் வெல்ல வேண்டிய பொழுதில், புலவன் தன்னைச் சொல்லிக்கொள்வது தகும். நேர்காணல் அறை அந்த இரண்டும்தான். எதிரில் இருப்பவருக்கு உன்னைத் தெரியாது. தெரிந்துகொள்ள அவருக்கு வேறு வழியும் இல்லை.

அதற்காக எல்லா ‘நாங்க’ளையும் ‘நான்’ ஆக்கச் சொல்லவில்லை. புரோகிராம் எழுதியது டெவலப்பர், சம்மதம் கொடுத்தது மேனேஜர். அதை அப்படியே சொல்ல வேண்டும். அடுத்தவர் உழைப்பை எடுத்துத் தன் கணக்கில் எழுதுபவரைத் துணைக் கேள்வி இரண்டில் கண்டுபிடித்துவிடுவோம், அதற்கு மன்னிப்பும் கிடையாது. கணக்குப் போட்டேன், விட முடிவெடுத்தேன், போய்ப் பார்த்தேன், கேட்டு வாங்கினேன்: இந்த நான்கும் அவருடையவை. அவற்றை மட்டும் மீட்டெடுத்தோம்.

பிறகு அந்த 40 சதவீதம். “எதுல 40?” என்றேன். ரெஸ்யூமேயில் எண் இருக்க வேண்டும் என்று யாரோ சொல்லிப் போட்டது. பழைய மெயிலைத் தோண்டச் சொன்னேன். சப்போர்ட் ஆள் தினமும் அனுப்பிய அழைப்புப் பட்டியல் கிடைத்தது. எண்ணினார். அக்டோபர் 1 முதல் 6 வரை இ-வே பில் பற்றி 31 அழைப்புகள். பட்டன் போன பிறகு அடுத்த ஒரு வாரத்தில் 4. சின்ன எண்கள்தான். ஆனால் ‘எப்படித் தெரியும்?’ என்று யார் கேட்டாலும், ‘நான் எண்ணினேன்’ என்று சொல்லலாம்.

மற்ற இரண்டு கேள்விகள்

கருத்து மோதல் கேள்விக்கு அவர் முதலில் சேல்ஸ் ஹெட்டைப் பற்றிப் பேசவே மறுத்தார். பெரியவரைப் பற்றி வெளியாளிடம் குறை சொல்வதா என்ற தயக்கம். வற்புறுத்தியபோது, ‘அவருக்கு டெக்னிக்கல் தெரியாது’ என்று ஒரே வெட்டாக வெட்டினார். இரண்டுமே உதவாது. சேல்ஸ் ஹெட் பக்கத்து நியாயத்தை முதலில், அவரே கேட்டாலும் ஒப்புக்கொள்ளும்படி சொல்லச் சொன்னேன். ‘தீபாவளிச் சரக்கு போகும் நேரத்தில் கஸ்டமர் கையை நாம் கட்டுகிறோம் என்பது அவர் வாதம். அது சரியான கவலை.’ இதைச் சொன்ன பிறகு தன் கணக்கைச் சொன்னால் குறை சொன்னதாகவே இல்லை.

தோல்விக் கேள்விக்கு, ‘எல்லாம் கச்சிதமாக இருக்க வேண்டும் என்று நினைப்பதுதான் என் குறை’ என்றார். இதை ஆயிரம் முறை கேட்டாயிற்று. மறுபடி தோண்டினோம். இ-வே பில் வராது என்று கஸ்டமர்களுக்கு யார் சொன்னது? செப்டம்பர் 14-ஆம் தேதி இவர்தான் மெயில் அனுப்பியிருக்கிறார். 11 பாயின்ட். இ-வே பில் 7-வது. யாரும் அதுவரை படிக்கவில்லை. கணக்காளர்களுக்கு விஷயம் தெரிந்தது அக்டோபர் 1 காலையில்தான். “மெயில் போட்டாச்சுன்னு நெனச்சுட்டேன். போன் போட்டிருக்கோணும்.” அதற்குப் பிறகு அவர் அனுப்பும் ஒவ்வொரு ரிலீஸ் மெயிலிலும் முதல் வரி, ‘இந்த முறை இல்லாதவை’. இதுதான் தோல்விக் கேள்விக்குப் பதில். அவர் அதைச் சொல்ல வெட்கப்பட்டார். எனக்கு அந்த முதல் வரி ஒன்றே போதும் என்று தோன்றியது.

ஒரே சம்பவம் இத்தனைக்கும் தாங்குமா என்று கேட்டார். தாங்கும், ஆனால் ஒரே நேர்காணலில் எல்லாக் கேள்விக்கும் அதையே சொல்லக் கூடாது. இன்னும் இரண்டு சம்பவங்களை இதே மாதிரி தோண்டி வைத்தோம். வேலைக்குத் தகுந்தபடி எடையும் மாறும். அவர் ஒரு புராஜெக்ட் மேனேஜர் இடத்துக்கும் விண்ணப்பித்திருந்தார். அங்கே நாள் கணக்கு, ஆள் குறைந்தது, யாரிடம் எப்போது சம்மதம் வாங்கினார் என்பதில் நிற்க வேண்டும். புராடக்ட் இடத்துக்கு, கஷ்டத்தையும் முடியாததையும் பிரித்ததிலும் மர ஸ்கேலிலும் நிற்க வேண்டும்.

மூன்றாவது சனிக்கிழமை அவர் சொன்ன பதில் 2 நிமிடம் 10 விநாடி. கிட்டத்தட்ட இப்படி:

“2022 செப்டம்பரில், சட்டம் வைத்த தேதிக்கு 19 நாள் இருக்கும்போது என்னிடம் இரண்டு டெவலப்பர்கள் இருந்தார்கள், நான்கு பேர் வேலை இருந்தது. இ-இன்வாய்ஸ் இல்லாமல் கஸ்டமரால் விற்கவே முடியாது. இ-வே பில்லைக் கையால் போடலாம். அதனால் இ-வே பில்லை நான் தள்ளி வைத்தேன். சேல்ஸ் ஹெட் எதிர்த்தார். பண்டிகை நேரம் என்ற அவர் கவலை சரியானது. கணக்கைக் காட்டி மேனேஜரின் சம்மதத்தை வாங்கினேன். முதல் தேதி இ-இன்வாய்ஸ் ஓடியது, ஆனால் புகார்கள் வந்தன. நான் திருப்பூர் போய் ஒரு கணக்காளர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரே எண்ணை அவர் இரண்டு முறை தட்டுவதைப் பார்த்தேன். மொத்தமாக ஏற்றும் ஃபைலைத் தரும் பட்டன் ஒன்றைக் கேட்டேன். டெவலப்பர் இரண்டு நாளில் செய்தார். 31 ஆக இருந்த அழைப்பு அடுத்த வாரம் 4 ஆனது.”

ஜி.எஸ்.டி. பாடம் போயே போய்விட்டது. வேண்டும் என்றால் அவர்களே கேட்பார்கள்.

அடுத்த மாதம் சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு நிறுவனத்தில் கடைசிச் சுற்று. அன்று இரவு போன் செய்தார். கேள்வி கேட்டவர் கணக்காளரைப் பற்றியே வெகுநேரம் விசாரித்தாராம். பிறகு எங்கள் ஒத்திகையில் வராத ஒன்றைக் கேட்டார்: “சேல்ஸ் ஹெட் சொன்னது எந்த அளவுக்குச் சரியாகிப் போனது?”

“கொஞ்ச நேரம் யோசிச்சேங்க அக்கா. அப்பறம் சொல்லிட்டேன். தீபாவளி கழிச்சு ரெண்டு கஸ்டமர் ரினியூ பண்ணல. அந்த மொத வாரத்துல பட்ட பாடுதான் காரணம்னு ஒருத்தர் நேராவே சொன்னார். நான் கணக்குப் போட்டப்ப அதை எழுதலைன்னு சொன்னேன்.”

“இதை என்கிட்டகூடச் சொல்லலையே?”

“ஆமாங்க அக்கா. தள்ளிப் போச்சுன்னு இருந்த வரைக்கும் அந்த ரெண்டு பேரும் தானா போயிட்டாங்கன்னுதான் இருந்துச்சு. நான்தான் தள்ளி வெச்சேன்னு சொன்ன பெறகு, அவங்களையும் சொல்லாம இருக்க முடியல.”

கேள்வி கேட்டவர் அதற்குப் பிறகுதான் குனிந்து நிறைய எழுதினாராம். 11 நாள் கழித்து ஆஃபர் வந்தது, அவர் எதிர்பார்த்ததைவிட ஒரு படி குறைந்த பதவியில். சேர்ந்துவிட்டார்.